ஓடு என்பவரும் நில் என்பவரும்

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வென்றவரைப் பற்றியே எழுதுகின்றனர். கோப்பையை ஏந்தி நிற்பவரின் படம் இதழ்களில் வருகிறது. அவரை உருவாக்கிய பயிற்சியாளரின் பெயர் சில வேளைகளில் வருகிறது. கையில் கட்டுத்துணியும் பனிக்கட்டிப் பையுமாக மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் மற்றொருவரின் பெயரோ எங்கும் வருவதில்லை. இந்த இருவரும் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்து பணிபுரியும்போது எழும் ஒரு கேள்வியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் விலங்கியல் பயிலும் மாணவன். கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுபவன். தசை, எலும்பு, நரம்பு ஆகியவற்றைக் காலையில் வகுப்பிலும் மாலையில் மைதானத்திலும் படிக்கின்றேன் எனலாம். எங்கள் அணியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால், தைலம் தேய்த்துச் சுளுக்கு வழிப்பதில் கைதேர்ந்த நண்பர் ஒருவரே மருத்துவர். பிற நாடுகளில் இதற்கென ஒரு தனித் தொழிலே உண்டு என்று அறிந்தபோது, அதைப் பற்றித் தேடிப் படிக்கும் ஆவல் பிறந்தது.

பள்ளியே வீடு

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதி, உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் நகரிலுள்ள பிலிப்ஸ் அகாதெமி 1778-இல் தொடங்கப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாதெமி 1781-இல் தோன்றியது. இவ்விரு பள்ளிகளுக்கும் இடையே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி 1878-இல் தொடங்கியது. அமெரிக்கப் பள்ளிகளிடையே உள்ள மிகப் பழைய விளையாட்டுப் போட்டிகளுள் அதுவும் ஒன்று.

இத்தகைய பள்ளிகளில் விளையாட்டு என்பது விருப்பமுள்ளவர் மட்டும் செல்லும் இடமன்று. வகுப்புகள் முடிந்ததும் மாணவர்கள் ஏதேனும் ஒரு விளையாட்டுக்கோ உடற்பயிற்சிக்கோ செல்லவேண்டும் என்பது நெடுநாள் மரபு. புதன், சனி ஆகிய இரு நாட்களில் அண்டைப் பள்ளிகளோடு போட்டிகள் நடைபெறும்.

பயிற்சியாளர் யார் என்பதே இங்கு வியப்பு. காலையில் கணக்கோ வரலாறோ நடத்திய ஆசிரியரே மாலையில் விசில் ஊதுகிறார். இரவில் அவரே விடுதியில் குடியிருந்து, படிப்பு நேரத்தையும் விளக்கணைக்கும் நேரத்தையும் கவனிக்கிறார். ஆசிரியர், கோச், விடுதிக் காப்பாளர் என்னும் மூன்று பணிகளும் ஒருவரிடமே சேர்கின்றன. இன்று வெளியிலிருந்து வரும் முழுநேரப் பயிற்சியாளர்களும் உள்ளனர். ஆயினும் பழைய மரபு மறைந்துவிடவில்லை.

இம்மரபுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக ஃபிராங்க் பாய்டன் என்பவரைச் சொல்லலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்து டியர்ஃபீல்டு அகாதெமிக்கு 1902-இல் தலைமையாசிரியராக வந்த அவர், 1968 வரை, அதாவது 66 ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார். அவர் வந்தபோது பள்ளியில் இருந்தவர்கள் 14 மாணவர்களே. அணிக்கு ஆள் போதாமையால் தலைமையாசிரியரே மாணவர்களோடு களத்தில் இறங்கி ஆடினார். பின்னர் நெடுங்காலம் அவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். ஒரு மாணவன் தோல்வியை எப்படித் தாங்குகிறான், பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை வகுப்பறையைவிட மைதானம் விரைவில் காட்டிவிடும். மூன்று இடங்களிலும் அவனைப் பார்ப்பவருக்கு அவன் முழுமையாகத் தெரிகிறான். உறைவிடப் பள்ளிப் பயிற்சியாளரின் வலிமை இதுவே.

டிரெய்னர் யார்?

நம் ஊர்களில் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுத்தருபவரை டிரெய்னர் என்கிறோம். அமெரிக்கப் பள்ளிகளில் அத்லெடிக் டிரெய்னர் எனப்படுபவர் முற்றிலும் வேறானவர். காயம் வராமல் தடுப்பது, வந்தால் உடனே அறிவது, முதலுதவி செய்வது, மீண்டும் ஆடும் நிலைக்குப் படிப்படியாகக் கொண்டுவருவது ஆகியவை அவர் பணிகள். மருத்துவர் ஒருவரின் வழிகாட்டுதலோடு அவர் இவற்றைச் செய்கிறார்.

இத்தொழிலினரின் தேசியச் சங்கம் 1950-இல் கன்சாஸ் நகரில் அமைக்கப்பட்டது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை நலவாழ்வுத் தொழில்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இன்று இத்தொழிலில் புதிதாகச் சேர விரும்புவோர் முதுகலை நிலையில் படித்து, தகுதித் தேர்விலும் தேறவேண்டும்.

மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர். அந்த நான்காமவரின் இடத்திலேயே டிரெய்னரை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மருத்துவர் அழைத்தால் வருவார். டிரெய்னர் அழைக்குமுன்பே அங்கே இருப்பவர்.

மூன்று இடர்கள்

டிரெய்னரின் அறிவு எதில் பயன்படுகிறது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது கணுக்கால் பிசகு. பாதம் உட்புறமாக மடங்கும்போது, வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் தசைநார்கள் இழுபட்டு நைந்துபோகின்றன; சில வேளைகளில் அறுந்தும்விடுகின்றன. உள்ளே குருதி கசிந்து வீக்கம் உண்டாகிறது. அந்த நேரத்தில் அழுத்தித் தேய்ப்பது கசிவை மிகுவிக்கக்கூடும். டிரெய்னர் முதலில் எலும்பு முறிந்துள்ளதா என்று தொட்டுப் பார்க்கிறார். பின்னர்க் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைக்கிறார். வலி குறைந்தபின் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தொடங்குகிறார். இது விளையாட்டுப்போலத் தோன்றினாலும் காரணம் உண்டு. மூட்டு எந்த நிலையில் உள்ளது என்று மூளைக்கு உணர்த்தும் நரம்புணர்வு பிசகினால் மங்கிவிடுகிறது. அதை மீட்காவிட்டால் அதே கால் மீண்டும் மீண்டும் பிசகும்.

இரண்டாவது, ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு. தசை தான் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் நீங்குகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிர்வதில்லை. இயல்பாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, ஆட்டக்காரர் தடுமாறவோ பிதற்றவோ தொடங்கினால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. இங்கே டிரெய்னர்கள் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: முதலில் குளிர்விக்கவேண்டும்; அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, தலை நீரில் மூழ்காமல் தாங்கிப் பிடித்து, ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முயல்வர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால்மத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் இவ்வாறு 274 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டதாக 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. புதிதாகப் பயிற்சி தொடங்குவோரின் உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். முதல் நாளே முழுப்பயிற்சி கூடாது என்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது மூளை அதிர்ச்சி. தலையில் அடிபட்டால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. வெளியே காயம் தெரியாது. நினைவும் தப்பாமல் இருக்கலாம். தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, மறதி ஆகியவையே அறிகுறிகள். அது ஆறுமுன் இரண்டாம் முறை அடிபட்டால் மூளை வீங்கி உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே ஆட்டத்துக்குத் திரும்புவதற்கு ஆறு படிகளை வகுத்துள்ளனர். அன்றாட வேலையில் தொடங்கி, மெல்லிய பயிற்சி, ஓட்டம், மோதலில்லாத பயிற்சி எனச் சென்று, மருத்துவ ஒப்புதலுக்குப் பின்னரே முழுப்பயிற்சியும் போட்டியும். பயிற்சிப் படி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். அறிகுறி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்கவேண்டும்.

யாருடைய சொல் மேல்?

இனி நான் முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமைப் போட்டிக்கு அணியின் சிறந்த வீரன் வேண்டும் என்று பயிற்சியாளர் விரும்புகிறார். அவ்விருப்பத்தில் குற்றமில்லை. அந்த வீரனும் ஆடவே விரும்புகிறான். ஆகவே வலியை மறைக்கிறான். டிரெய்னர் மட்டும் 'நில்' என்கிறார். அப்போது எவர் சொல் நிற்கவேண்டும்?

ஒரு துயர நிகழ்ச்சி இதற்கு விடை தந்தது. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லைஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டும், அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் குருதி கசிந்திருந்தது. உயிர் பிழைத்தாலும், பேசவும் உண்ணவும் நடக்கவும் பல ஆண்டுகள் போராடிக் கற்கவேண்டியதாயிற்று. 2009-இல் அவன் பெயரால் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்றவேண்டும். தகுதிபெற்ற மருத்துவத் துறையினரின் எழுத்து ஒப்புதல் இன்றி அவரை மீண்டும் சேர்க்கக்கூடாது. 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

லைஸ்டெட் பயின்றது உறைவிடப் பள்ளியன்று. அன்று மாலை பெற்றோர் அவன் அருகில் இருந்தனர். உறைவிடப் பள்ளியிலோ பெற்றோர் தொலைவில் இருக்கின்றனர். இரவில் தலைவலி மிகுந்தால் அதை முதலில் அறிபவன் அறைத் தோழனே. ஆகவே அங்கு டிரெய்னரின் பணி மைதானத்தோடு முடிவதில்லை. பள்ளி மருத்துவ விடுதிக்கும் விடுதிக் காப்பாளருக்கும் வகுப்பாசிரியருக்கும் செய்தி போகவேண்டும். மாணவன் காலை உணவுக்கு வந்தானா, படியேறும்போது நொண்டுகிறானா என்பதுகூட மருத்துவச் செய்தியாகிவிடுகிறது. மேலும், டிரெய்னரின் முடிவு பயிற்சியாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருத்தல் கூடாது. நில் என்பவருடைய வேலை ஓடு என்பவருடைய கையில் இருந்தால், நில் என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருவரே ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருப்பது வலிமை என்றேன். ஆபத்தும் அதிலேயே உண்டு. நியூ இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் முற்காலத்தில் மாணவர்கள் பெரியவர்களால் தவறாக நடத்தப்பட்டதை 2016-இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் விரிவாக வெளியிட்டது. எல்லாக் கதவுகளின் சாவியும் ஒரே கையில் இருந்தால், அடிபட்ட பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்? இரண்டாவதாக ஒரு பெரியவர், தனி அதிகாரத்தோடு அருகில் இருப்பது இவ்வகையிலும் ஒரு காப்பாகும்.

நம் நாட்டில்

உறைவிடப் பயிற்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது கேரளத்தின் கண்ணூர். 1976-இல் அங்கு விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த சிறுமி பி. டி. உஷாவை, விமானப்படையில் பணியாற்றிய ஓ. எம். நம்பியார் பயிற்றுவித்தார். 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தை உஷா 55.42 வினாடியில் ஓடினார். மூன்றாம் இடம் பெற்றவர் நேரம் 55.41. நூற்றில் ஒரு வினாடியில் பதக்கம் நழுவியது. அடுத்த ஆண்டு நிறுவப்பட்ட துரோணாச்சாரியா விருதை முதன்முதலில் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர். ஒரு நல்ல பயிற்சியாளர் ஒரு சிற்றூர்ச் சிறுமியை எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தமிழ்நாட்டிலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. பதின்பருவப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து அங்கே தங்கிப் பயில்கின்றனர். பயிற்சியாளரின் அருமையை நாம் அறிந்துள்ளோம். அவர் அருகே நிற்கவேண்டிய இரண்டாமவரின் அருமையை இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பதே என் கருத்து.

முதுகலை படித்த டிரெய்னர் ஒருவரை எல்லா மைதானங்களிலும் அமர்த்துவது உடனே ஆகக்கூடியதன்று. ஆயினும் ஆகக்கூடியவை உண்டு. ஆள் படுக்கக்கூடிய பெரிய பிளாஸ்டிக் தொட்டியொன்றும், ஐஸ் கட்டிக்கு ஏற்பாடும் கோடைப் பயிற்சியின்போது மைதானத்தில் இருக்கலாம். பந்து பட்டோ மோதியோ தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் ஆடக்கூடாது என்று ஒவ்வோர் அணியும் விதி வகுக்கலாம். முதலுதவி கற்ற ஒருவரை, அவர் மாணவராகவே இருந்தாலும், அன்றைய பயிற்சிக்குப் பொறுப்பாளராக அமர்த்தலாம். அவர் 'நில்' என்றால் அணித்தலைவரும் பயிற்சியாளரும் மறுப்பின்றி ஏற்கவேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு மனமாற்றமே வேண்டும்.

வரும் கல்வியாண்டில் நம் கல்லூரி அணிகளிலேயே இதைத் தொடங்கலாம் என்று நம் உடற்கல்வித் துறைக்கும் நண்பர்களுக்கும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பை ஏற்க முதலுதவி வகுப்பில் சேர நான் ஆயத்தமாக உள்ளேன். உடன் வருவோர் பெயர் தருக.