நம் வீட்டு நாயின் முதுமை

நாயின் நன்றியைப் பற்றிக் கட்டுரை எழுதாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய மாணவி நம்மில் எவரும் இருக்க முடியாது. "நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கி, "அது வீட்டைக் காவல் காக்கும்" என்று முடித்துப் பத்துக்கு எட்டு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். காவல் காக்கும் வயது கடந்தபின் அந்த நாய் என்ன ஆகிறது என்பது அந்தக் கட்டுரைகளில் வருவதில்லை. கூப்பிட்டால் வருவதில்லை, படுத்தே கிடக்கிறது, இரவில் காரணமின்றி ஊளையிடுகிறது என்றால், "அதற்கு வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆனால் மூப்பினால் வருவது எது, நோயினால் வருவது எது என்று பிரித்தறிந்தால், அந்த வாயில்லா ஜீவனின் துன்பத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கணக்கு எளிது, ஆனால் சரியன்று. ஒரு வயதில் நாய் குட்டி ஈனும் பருவத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதுச் சிறுமியோ இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பாள்! 104 லாப்ரடார் நாய்களின் மரபணுக்களில் வயதுக்கேற்ப ஏற்படும் மாற்றங்களை ஆராய்ந்து அமெரிக்க விஞ்ஞானிகள் 2020-ல் ஒரு புதிய கணக்கை வெளியிட்டனர். அதன்படி ஒரு வயது நாய் ஏறத்தாழ 30 வயது மனிதருக்கும், 4 வயது நாய் 50-ஐக் கடந்தவருக்கும், 12 வயது நாய் 70 வயது முதியவருக்கும் ஒப்பாகும். இனமும் கணக்கில் சேரும். கிரேட் டேன் போன்ற பெரிய நாய்கள் 6, 7 வயதிலேயே முதுமை அடைகின்றன. பொமரேனியனோ 10 வயதிலும் துள்ளி விளையாடும்.

வலித்தால் நாய் கத்தும் என்று பலர் எண்ணுகிறார்கள். நாள்பட்ட மூட்டுவலி உள்ள நாய் பெரும்பாலும் கத்துவதேயில்லை. எழுந்திருக்கத் தாமதிக்கும், ஒரே மூட்டை ஓயாமல் நக்கும், தொட்டால் சீறும். எங்கள் வீட்டு டாமிக்கு இப்போது 12 வயது. மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்க்கும், ஏறாது. தாத்தாவுக்கும் முழங்கால் வலிதான். அவர் படி ஏறும்போது முனகுவார், டாமி முனகுவதில்லை, வேறுபாடு அவ்வளவே. கால்நடை மருத்துவர் மூட்டுகளை மடக்கிப் பார்த்து மூட்டுவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மொசைக் தரையில் கால் வழுக்குவதால், அது நடக்கும் வழியெல்லாம் கோணிச் சாக்குகளைத் தைத்து விரித்திருக்கிறோம். காலையிலும் மாலையிலும் வெயில் இல்லாத வேளையில் சிறிது தூரம் நடத்துகிறோம். அசையாமல் படுத்திருந்தால் மூட்டு மேலும் இறுகுமாம். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபன் அதன் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்த அணுக்களையும் தாக்கும்.

மூட்டுவலிக்கு முதல் எதிரி உடல் எடை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002-ல் வெளிவந்தது. உணவில் கால்பங்கு குறைத்து வளர்க்கப்பட்டவை, மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரியக்கூடாது. இதுவே அளவு. அதற்காக வயதான நாய்க்கு வெறும் தயிர்சாதம் போதும் என்பதும் சரியல்ல. தசைகள் மெலியாதிருக்க முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி ஆகியவை தேவை. மீந்த சாம்பாரை ஊற்றுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று பாட்டியிடம் சொன்னபோது, "அந்தக் காலத்து நாய்கள் எல்லாம் சாம்பார் சாப்பிடவில்லையா?" என்றார். சாப்பிட்டன, ஆனால் அவை எத்தனை நாள் வாழ்ந்தன என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

எல்லாவற்றையும்விடத் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். நாய் நிறையத் தண்ணீர் குடிப்பதை நல்ல அறிகுறியாகவே பலரும் கருதுகிறார்கள். ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்தால் போதும். நம் தம்பி தங்கையரே செய்யக்கூடிய கணக்கு இது. நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். சிறுநீரகத்தின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே இந்த அறிகுறி தெரிகிறது. ஆகவே காத்திருக்க நேரமில்லை. கருத்தடை செய்யப்படாத பெண் நாயாக இருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கவும் கூடும். அது பருவம் வந்து சில வாரங்களில் தோன்றும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும்.

கண்ணில் நீலம் பூத்தாற்போல் மங்கல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது மூப்பின் அடையாளம், பார்வையை அதிகம் கெடுக்காது. பால்போல் வெளுத்தால் கண்புரை. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கக்கூடும். தரையைக் காலால் தட்டினால் அந்த அதிர்வை உணர்ந்து திரும்பும். பல்லில் காறை படிந்து வாய் நாற்றமடிப்பதும், உண்ணிக் காய்ச்சலால் ஈறு வெளுப்பதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையே. வெறிநோய்த் தடுப்பூசியை வயதைச் சொல்லி நிறுத்தக் கூடாது.

இரவு ஊளைக்கு வருவோம். அறையின் மூலையில் போய் நின்றுகொண்டு வெளியே வர வழி தெரியாமல் விழிப்பதும், பகலில் உறங்கி இரவில் அலைவதும், பழகியவர்களையே அடையாளம் தெரியாமல் பார்ப்பதும் மூளைத் தளர்ச்சியின் அறிகுறிகள். மனிதருக்கு வரும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அதே புரதம் இத்தகைய நாய்களின் மூளையிலும் படிகிறது. அடித்து அதட்டினால் குழப்பம்தான் கூடும். கட்டில், மேசைகளை இடம் மாற்றாமல், உணவு நேரத்தை மாற்றாமல், இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் ஓரளவு அமைதி பெறும்.

தொல்லை தாங்காமல் முதிய நாயை வண்டியில் ஏற்றி வெகுதூரத்தில் விட்டுவருபவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சோறுண்டு வளர்ந்த நாய்க்குத் தெருவில் இடமில்லை. அங்குள்ள நாய்கள் அதை விரட்டும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மருந்தால் தணிக்க முடியாத வலி வரும்போது, ஊசி போட்டு வலியின்றி உறங்கச் செய்யலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அது வீட்டிலுள்ள அனைவரும் கூடிப் பேச வேண்டிய விஷயம். எப்போது என்று எப்படித் தெரியும் என அப்பா கேட்டதற்கு, எங்கள் மருத்துவர் ஒரு வழி சொன்னார். தானாக எழுந்து, சாப்பிட்டு, நம்மைக் கண்டு வாலாட்டிய நாளுக்குக் காலண்டரில் ஒரு புள்ளி. அப்படியில்லாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகள் புள்ளிகளை மிஞ்சும்போது வந்து பாருங்கள் என்றார். எங்கள் வீட்டுக் காலண்டரில் சென்ற மாதம் இருபத்தேழு புள்ளிகளும் மூன்று பெருக்கல் குறிகளும் இருக்கின்றன.