ஏடு எடு! கணினித் திரையில் கிராஃபிட்டி எழுத்து

பலூன் போல உப்பிய எழுத்துகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் எழுத்துகள், அம்புக்குறியாக முடியும் வால்கள்: இவற்றைக் கிராஃபிட்டி எழுத்து என்கிறோம். சட்டைகளிலும் விளையாட்டுச் செயலிகளிலும் நம் மாணவர்கள் இவற்றை நாள்தோறும் பார்க்கிறார்கள். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரச் சுவர்களில் பரவிய இவ்வழக்கம், 1970களில் நியூயார்க் சுரங்க ரயில்களில் தனிக் கலையாக வளர்ந்தது. 'டாக்கி 183' என்று ஊரெங்கும் கையெழுத்திட்ட இளைஞரைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. உப்பிய எழுத்து வடிவத்தைப் பரப்பியவர் 'ஃபேஸ் 2' என்ற புனைபெயர் கொண்ட கலைஞர்.

அனுமதியின்றிப் பிறர் சுவரில் எழுதுவது அங்கும் குற்றம், இங்கும் குற்றம். பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கணினித் திரையோ எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதக்கூடிய சுவர். எனவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் இதை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் செய்துவருகிறேன். ஓவியப் பாடமாகத் தொடங்கும் இச்செயல்பாடு மொழிப் பாடமாக முடிவதுதான் இதன் சிறப்பு.

தேவையானவை

ஜிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் போதும், கட்டணம் இல்லை. 'பலூ தம்பி 2' என்ற யூனிகோடு எழுத்துருவும் இலவசமே. தடித்து உருண்ட அதன் வடிவம் இப்பணிக்குப் பொருந்தும். பயிற்சிச் சொற்களாக நான் தருபவை: 'ஏடு எடு'.

செய்முறை

1. 1920 × 1080 பிக்சல் அளவில் புதிய படத்தைத் திறக்கவும்.

2. டெக்ஸ்ட் கருவியால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி லேயரில் 300 பிக்சல் அளவில் இடவும். 'டு' என்பது ஒரே எழுத்து, ஒரே லேயர். 'கொ' கண்ணுக்கு மூன்று வடிவங்களாகத் தெரிந்தாலும் ஒரே எழுத்துதான். ஒற்றைக்கொம்பை மட்டும் தனியே இட்டால் அதன் அருகே புள்ளி வட்டம் ஒன்று தோன்றும். உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது என்பதைக் கணினியே சொல்லிவிடுகிறது!

3. ரொட்டேட் கருவியால் எழுத்துகளை இடமும் வலமுமாகச் சிறிது சாய்த்து, ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் படியுமாறு நகர்த்தவும்.

4. ஓர் எழுத்தின் லேயரில் வலச்சொடுக்கி 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்' தரவும். செலக்ட் மெனுவில் 'குரோ' சென்று 6 பிக்சல் கூட்டவும். படத்தின் முழு அளவில் புதிய லேயரை உருவாக்கி, அந்த எழுத்தின் கீழே வைத்துக் கறுப்பு நிரப்பவும். இதுவே புறக்கோடு. ஒவ்வோர் எழுத்துக்கும் இவ்வாறே செய்யவும்.

5. மீண்டும் எழுத்தைத் தேர்வு செய்து, அதன்மேல் புதிய லேயரில் கிரேடியன்ட் கருவியால் இரு வண்ணங்களைக் கலந்து நிரப்பவும்.

6. புறக்கோட்டு லேயரை நகலெடுத்து, எல்லா எழுத்துகளுக்கும் அடியில் வைத்து, வலப்பக்கம் கீழ்நோக்கி நகர்த்தினால் நிழல் கிடைக்கும். இடது மேல் ஓரங்களில் வெண்ணிறத் தீற்றல்கள் இட்டால் எழுத்து பளபளக்கும்.

7. பின்னர்த் திருத்துவதற்கு எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும், அச்சிடுவதற்குப் பிஎன்ஜி கோப்பாகவும் சேமிக்கவும்.

எதை வளைக்கலாம், எதை வளைக்கக் கூடாது?

எல்லா எழுத்துக்கும் வால் நீட்டத்தான் மாணவர்கள் விரும்புவார்கள். ஒரு மாணவி 'எ'யின் காலைச் சாய்த்து நீட்டி அம்புக்குறி வைத்தாள். படம் அழகாகவே இருந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் காட்டினோம். 'ஏடு ஏடு' என்று வாசித்தது குழந்தை. ஒரு சிறு கோடு, வினையைப் பெயராக்கிவிட்டது.

அங்கே இலக்கணம் பேச இடம் கிடைத்தது. தொல்காப்பியர் காலத்தில் எ, ஒ என்னும் குறில்கள் புள்ளி பெற்றிருந்தன. நெடிலுக்குக் கால் நீட்டியும் சுழித்தும் வேறுபடுத்தும் இன்றைய முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார். பாடநூலில் தேர்வுக்காகப் படித்த செய்தியின் தேவையை அன்று அந்த மாணவி தன் படத்திலேயே கண்டாள். அம்பை 'டு'வின் முனைக்கு மாற்றினாள். சொல் திரும்பக் கிடைத்தது.

புள்ளிக்கும் இதே கவனம் வேண்டும். புறக்கோட்டை மிகவும் தடித்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டி மறையும்; 'பல்' என்பது 'பல' ஆகும். 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டால் இரண்டும் குழம்பும். ஆகவே 6 பிக்சலில் தொடங்கி, இடைவெளி மூடுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன்: தொடக்க வகுப்புக் குழந்தை உதவியின்றி வாசிக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கணினி இல்லாமல், தாளில் வண்ணப் பென்சிலாலேயே இதைச் செய்யலாம். கொடு–கோடு, பெறு–பேறு, கெடு–கேடு ஆகிய இணைகளைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தின் எந்தக் கோடு அழகுக்கு, எந்தக் கோடு பொருளுக்கு என்று குழந்தைகளே பிரித்துச் சொல்வார்கள்.