கனவு தின்னும் பக்குவும் சந்திரகுப்தர் கண்ட 16 கனவுகளும்

ஜப்பானியர் கதைகளிலே பக்கு என்றொரு பிராணி உண்டு. (‘பாகு’ என்று எழுதினால் நம்ம வீட்டு வெல்லப்பாகு ஞாபகம் வந்துவிடும். ஆகவே ‘பக்கு’ என்றே வைத்துக்கொள்வோம்.) யானைத் துதிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிப் பாதம். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களிலே யாளியைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிக்கோ நகரத்துத் தோஷோகு ஆலயத்தில் பக்குவைச் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

பூர்வீகம் சீனா. இதன் தோலில் படுத்தால் கொள்ளைநோய் அண்டாது, படத்தை வரைந்து வைத்தால் தீயது விலகும் என்று பாய் சூயி (772–846) என்ற கவிஞர் எழுதினார். கனவைத் தின்னும் உத்தியோகம் ஜப்பானுக்குப் போன பிறகு கிடைத்ததுதான். கெட்ட கனவு கண்டு விழித்தவர், “பக்கு, என் கனவைத் தின்னு” என்று மூன்று தரம் சொல்லுவாராம். புத்தாண்டில் பாய்மரத்திலே பக்குவின் பெயரெழுதிய கப்பல் படத்தைத் தலையணைக்கடியில் வைப்பதும் உண்டு.

கெட்ட கனவைத் தொலைத்துவிடத்தான் வேண்டுமா? சிலப்பதிகாரத்திலே கண்ணகி தன் தீக்கனாவைச் சொல்ல, சோமகுண்டம் சூரியகுண்டம் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழலாமென்று பரிகாரம் சொல்லுகிறாள் தேவந்தி. அது பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள் கண்ணகி.

ஜைன நிமித்த நூலின் எட்டு அங்கங்களில் சுவப்னமும் ஒன்று. அதாவது கனவு படிக்க வேண்டிய கடுதாசி, கிழித்தெறிவதற்கில்லை. சந்திரகுப்த மௌரியர் கண்ட 16 கனவுகளில் ஒன்று பன்னிரண்டு படமுள்ள நாகம். பன்னிரண்டு வருஷப் பஞ்சம் வரும் என்று பலன் சொன்னார் பத்திரபாகு முனிவர். மன்னர் துறவு பூண்டு, முனிவர் சங்கத்தோடு தெற்கே சிரவணபெளகொள வந்தார் என்பது எங்கள் மரபு. பத்திரபாகு பஞ்சத்தை முன்னறிந்து சங்கம் தெற்கே வந்ததைச் சந்திரகிரியில் சுமார் கி.பி. 600ஆம் ஆண்டுக் கல்வெட்டே சொல்லுகிறது. அந்த நாகத்தை ஒரு பக்கு தின்று தீர்த்திருந்தால்? பஞ்சம் எப்படியும் வந்திருக்கும், சங்கம்தான் வடக்கிலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

இதைப் பக்குவே ஒப்புக்கொள்ளும் போலிருக்கிறது! ஜப்பானில் வாழ்ந்த லஃப்காடியோ ஹெர்ன் 1902இல் வெளியிட்ட ‘கொத்தோ’ என்ற நூலிலே, ஒருவன் தன் பிணத்தையே கோடாலியால் வெட்டுவதாகக் கனவு கண்டு பக்குவைக் கூப்பிடுகிறான். அதுவோ, “இது அகந்தையை வெட்டுகிற நல்ல கனவு, நல்ல கனவை நான் தின்பதில்லை” என்ற கருத்தில் பதில் சொல்லிப் போய்விடுகிறது.

பெளகொள போகிற நம்மவர் கோமடேசுவரரைத் தரிசித்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். எதிரே சந்திரகிரியில் சந்திரகுப்த பசதி இருக்கிறது. பத்திரபாகு, சந்திரகுப்தர் சரிதத்தைத் தாசோஜன் என்ற சிற்பி அங்கே கல் பலகணியில் 90 சிறு கட்டங்களாகச் செதுக்கியிருக்கிறான். அடுத்த தடவை ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.