மலைநாட்டு யன்னல்களும் ஒரு கைத்தொழிலும்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலும், அட்டன் நகரம் ஏறக்குறைய 4,100 அடி உயரத்திலும் அமைந்துள்ளன. கீழ்நாட்டு வீடுகளில் யன்னல் என்பது பெரும்பாலும் காற்றுக்காக வைக்கப்படுவது. கம்பியும் மரக்கதவும் இருந்தாற் போதும். மலைநாட்டிலோ வெளிச்சம் உள்ளே வரவேண்டும், குளிரும் மூடுபனியும் வெளியே நிற்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது கண்ணாடி ஒன்றே. ஆதலால் கோப்பி பயிரிட்ட காலந்தொட்டு இம்மலைகளில் எழுந்த பங்களாக்கள், 1876 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹில் கிளப், செங்கல்லால் அமைந்த நுவரெலியா அஞ்சலகம், தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் தமக்கென அமைத்த மாளிகையிலிருந்து வளர்ந்த கிராண்ட் விடுதி ஆகிய யாவும் கண்ணாடியை மிகுதியாகக் கொண்ட கட்டடங்களாயின. தேயிலைத் தொழிற்சாலைகளைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மாடி மேல் மாடியாக வரிசை வரிசையான யன்னல்களுடன் குன்றின் மேல் நிற்கும் ‘ஸ்டோரை’ அவ்வழியே புகையிரதத்திற் சென்ற எவரும் கண்டிருப்பர்.

இத்தனை கண்ணாடிகளையும் துடைத்து வந்தவர் யார்? பங்களாவில் அப்புவும் அவர் கீழ் வேலை செய்த பையன்களும் துடைத்தனர். அது தனித்தொழிலாகக் கருதப்படவில்லை. சமையல், தோட்டம், குதிரை என்னும் பல வேலைகளோடு அதுவும் ஒன்றாயிருந்தது. அந்நிலை இன்று மாறிவிட்டது. பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதியில் சமர்வில், நோர்வூட், டின்சின் முதலிய பழைய துரை பங்களாக்கள் 2005 ஆம் ஆண்டு முதல் அவ்வாறு நடத்தப்பெறுகின்றன. கந்தப்பளையில் ஹெதர்செற் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலையே 1996 ஆம் ஆண்டில் விடுதியாயிற்று. இவற்றிற்கு வருவோர் பணம் கொடுப்பது படுக்கைக்கு மட்டுமன்று. யன்னலுக்கு அப்பால் உள்ள பச்சைமலைக்கும் சேர்த்தே கொடுக்கின்றனர். அக்கண்ணாடி மங்கியிருப்பின் விடுதி விற்கும் பொருளே மங்கிவிடுகிறது. இதனை விடுதிக்காரர் நன்கறிவர். ஆயினும் உயரமான யன்னல்களைத் துடைக்கத் தனியாள் வைத்திருப்போர் சிலரே. தோட்டப் பகுதியில் வளர்ந்த இளைஞர் இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குவதற்கு இங்கே இடமுண்டு. கொழும்புக் கடைகளையும் பிறர் வீட்டுக் குசினிகளையும் நாடிச் செல்லாமல், தம் ஊரிலிருந்தே உழைக்கக்கூடிய தொழில் இது.

தொழிலுக்கு முதலில் வேண்டுவது அழுக்கைப் பற்றிய அறிவு. எல்லா அழுக்கும் ஒன்றல்ல. அட்டன் கடைத்தெருவில் கண்ணாடியிற் படிவது வீதிப் புழுதியும் வாகனப் புகையும். சவர்க்கார நீருக்கு அது எளிதில் விட்டுக்கொடுக்கும். பங்களாவின் உட்புறத்தில் படிவது கணப்படுப்பின் புகை. எண்ணெய்ப்பசையுள்ள மென்படலமாக அது ஒட்டிக்கொள்ளும். வெளிப்புறத்தில், வெயில் படாத பக்கத்தில், சட்டத்தின் ஓரங்களிற் பாசி பிடிக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கும் அறையிலோ, தூளிலிருந்து எழும் பஞ்சுபோன்ற நுண்தூசி கண்ணாடியை மூடும். இத்தூசியின் மேல் நேரே நீரைத் தெளிப்பவர் தாமே தேநீர் தயாரித்தவராவர். செந்நிறச் சாயம் வழிந்து சட்டத்தையும் சுவரையும் கறைப்படுத்தும். முதலில் உலர்ந்த தூரிகையாற் கூட்டி எடுத்த பின்னரே நீர் இடுதல் வேண்டும்.

இன்னொரு வகையுண்டு; அதுதான் புதியவரை ஏமாற்றுவது. கண்ணாடியின் மேல் நீர் ஆண்டுக்கணக்கிற் தங்கித் தங்கி உலர்ந்தால், கண்ணாடியினுள் உள்ள சோடியம் சிறிது சிறிதாக வெளிப்பட்டு வெண்படலம் உண்டாகும். இது கண்ணாடியின் மேலுள்ள அழுக்கன்று, கண்ணாடிக்கே நேர்ந்த கேடு. எவ்வளவு தேய்த்தாலும் முற்றிலும் போகாது. வேலையை ஏற்குமுன் ஒரு மூலையிற் சோதித்துப் பார்த்து, போகாத படலத்தைப் போகாது என்று உரிமையாளருக்குக் காட்டிவிடுதல் நன்று. வேலை முடிந்த பின் சொன்னால் அது சாக்காகவே தோன்றும்.

கருவிகள் மிகச் சில. இரண்டு வாளி, நீர் பூசுவதற்கு ஒரு துணியுறை, நூல் உதிராத பருத்தித் துணிகள், ஓர் ஏணி, இறப்பர் விளிம்புள்ள துடைப்பான். இவற்றுள் கடைசியிற் சொன்னதே தொழிலின் உயிர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிபோர்னியாவில் யன்னல் துடைத்துப் பிழைத்த எத்தோரே ஸ்தெக்கோனே என்பவர், அக்காலத்திற் பாரமாயிருந்த இரும்புக் கருவியை விடுத்து, ஒரேயொரு இறப்பர் அலகுள்ள இலேசான பித்தளைக் கருவியை ஆக்கி 1938 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வழங்குவது அவ்வமைப்பே. அதனை ஆக்கியவர் பொறியியலாளர் அல்லர். ஒரு யன்னல் துடைப்பவர் என்பது கவனிக்கத்தக்கது.

இறப்பர் அலகின் விளிம்பு கூர்மையாயிருத்தல் வேண்டும். கவ்வாத்து வெட்டுபவர் தம் கத்தியைப் பேணுவதுபோல இதனைப் பேணவேண்டும். விளிம்பு மழுங்கினால் கண்ணாடியிற் கோடுகள் விழும். அப்போது அலகைத் திருப்பிப் போடலாம், இரு புறமும் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். சவர்க்காரம் அதிகம் வேண்டா. ஒரு வாளி நீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். மிகுந்தால் அதுவே படலமாகும். கண்ணாடியை நன்கு நனைத்து, மேல் ஓரத்தில் ஒரு விரலகலம் துணியால் உலர்த்தி, அவ்வுலர்ந்த இடத்தில் அலகை வைத்து இழுக்கவேண்டும். நனைந்த இடத்தில் தொடங்கினால் அலகு நடுங்கி இழுபடும். ஒவ்வோர் இழுப்புக்கும் பின் அலகைத் துணியில் ஒற்றிக்கொள்ளவேண்டும். பழைய பங்களாக்களின் சிறு கண்ணாடிகளுக்குக் கடையில் விற்கும் பெரிய அளவு பொருந்தாது. அவற்றின் அகலத்துக்கேற்ப அலகை வெட்டி அமைத்துக்கொள்ளுதல் நேரத்தை மிச்சப்படுத்தும். புகைப்படலத்துக்கு நீருடன் வினாகிரி கலந்து துடைத்தல் பயன் தரும்.

மலைநாட்டுக் குளிர் இத்தொழிலுக்கு ஒருவகையிற் துணையே. கடும் வெயிலில் சவர்க்கார நீர் துடைக்குமுன் காய்ந்து கறையாகும். நுவரெலியாவின் மேகமூட்டமான பகற்பொழுதில் அத்தொல்லை குறைவு. ஆனால் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் விடியற்காலையில் கொதிநீரைக் கண்ணாடியில் ஊற்றுதல் பேதைமை. திடீர் வெப்பத்தாற் கண்ணாடி வெடிக்கும். பொழுது ஏறிய பின் தொடங்குவதே முறை.

அபாயங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இத்தொழிலில் நட்டம் என்பது பணத்தோடு நின்றுவிடுவதில்லை. ஏணி சாயும் உயரம் 16 அடியாயின், அதன் அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி நிற்றல் வேண்டும். நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. பங்களாவைச் சூழ்ந்த புற்றரை பெரும்பாலும் சரிவானது, ஈரமானது. ஏணியின் ஒரு காலுக்குக் கல்லை அண்டை கொடுப்பது வழக்கமாகக் காணப்படுகிறது, அவ்வழக்கம் கைவிடத்தக்கது. அகன்ற பலகை இட்டுச் சமப்படுத்தி, ஒருவர் கீழே பிடித்து நிற்கவேண்டும். கைக்கு எட்டாத யன்னலுக்காக ஏணியிலிருந்து சாய்தல் ஆகாது. இறங்கி ஏணியை நகர்த்தவேண்டும். மின்கம்பி அருகே உலோக ஏணி வைத்தலும், வைகாசி முதல் ஆவணி வரை பலமாக வீசும் காற்றில் மேல்மாடி வேலையை ஏற்றலும் கூடா.

குளவியை மலையகத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது, உயிரிழந்தோரும் உளர். கூரையின் இறவாரமும் யன்னலின் மேற்கட்டும் குளவி கூடு கட்டும் இடங்களே. ஏணி வைக்குமுன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி நடந்து மேலே பார்க்கவேண்டும். கூடு தென்பட்டால் அப்பக்கத்து வேலையை நிறுத்தி உரிமையாளருக்கு அறிவிப்பதே தக்கது. ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு ஓட இடமில்லை.

பழைய மரச்சட்டங்களின் எண்ணெய்ப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உலர்ந்தபடி சுரண்டினால் எழும் தூள் நஞ்சு. குழந்தைகள் உள்ள இடத்தில் அது பெருந்தீங்கு. பழைய யன்னல்களின் மெல்லிய கண்ணாடியும் காய்ந்து உதிர்ந்த மக்கும் அழுத்தித் தேய்ப்பதைத் தாங்கமாட்டா. தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளை இத்தொழிலாளர் தொடாதிருத்தலே நலம். அது வேறு கலை.

தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கு ஒரு தனி ஒழுங்குண்டு. முற்காலத்தில் மேல்மாடிகளிற் சணற்சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டினர். வறண்ட காற்று வேண்டியபோது யன்னல்களைத் திறந்தனர், மழையில் அடைத்தனர். விசிறி பொருத்திய தொட்டிகள் வந்தபின் யன்னலின் அவ்வேலை குறைந்தது. இப்பொழுது தொழிற்சாலை என்பது உணவு உண்டாக்கும் இடமாகக் கணிக்கப்பட்டு, அதற்குரிய தரச்சான்றிதழ்களும் கோரப்படுகின்றன. தேயிலையில் ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்தாற் போதும், அந்தத் தொகுதி முழுதும் பழுது. ஆகவே உள்ளே செல்லுமுன் கண்ணாடிகளை எண்ணி, வெடித்தவற்றையும் உடைந்தவற்றையும் குறித்து, பொறுப்பாளரின் ஒப்பம் பெறவேண்டும். முடிந்தபின் மீண்டும் எண்ணவேண்டும். இக்குறிப்பு தொழிற்சாலைக்கும் பயன்படும், துடைப்பவர்மேல் வீண்பழி வராமலும் காக்கும். கொழுந்து வராத நாளைக் கேட்டறிந்து அன்று வேலை வைத்துக்கொள்வது முறை.

பருவம் அறியாதவர் இத்தொழிலில் நிலைக்கமாட்டார். வட்டவளை இலங்கையிலேயே மிகுமழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெளிவேலை பலநாள் தடைப்படும். நுவரெலியாவில் சித்திரைப் பருவம் வருமுன், பங்குனியிலேயே விடுதிகளெல்லாம் தூய்மை செய்யப்படுகின்றன. அதற்குரிய பேச்சைத் தை மாதத்திலேயே தொடங்கவேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரை மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசியில் முடிகிறது. நல்லதண்ணியிலும் அட்டனிலும் உள்ள தங்குமிடங்கள் கார்த்திகையிலேயே ஆயத்தமாகும்.

விலை கூறுவதில்தான் பலர் இடறுகின்றனர். யன்னலுக்கு இவ்வளவு என்று பேசுதல் பிழை. ஒரு யன்னலில் ஒரே கண்ணாடியும் இருக்கலாம், பதினாறும் இருக்கலாம். கண்ணாடிக்கு இவ்வளவு என்றே பேசவேண்டும். விளங்குதற்பொருட்டு ஒரு கணக்கு: இருவருக்கு நாட்கூலி ஆளுக்கு 2,500 ரூபா, பஸ் செலவும் பொருளும் தேய்மானமும் 1,500 ரூபா, ஆக நாளொன்றுக்கு 6,500 ரூபா. இருவரும் நாளில் 300 சிறு கண்ணாடிகளை இருபுறமும் துடைப்பரெனின், கண்ணாடி ஒன்றுக்கு 22 ரூபா அடக்கம் என்று தோன்றும். ஆனால் மாதத்தில் 26 வேலைநாட்களில் 8 நாள் மழையாற் போயிற்றென்க. கூலி 26 நாளுக்கும் கொடுக்கவேண்டும்: 1,30,000 ரூபா. ஏனைய செலவு 18 நாளுக்கு 27,000 ரூபா. துடைத்தவை 5,400 கண்ணாடிகள். அடக்கம் இப்போது 29 ரூபா. மழையைக் கணக்கில் எடாதவர் ஒவ்வொரு கண்ணாடியிலும் 7 ரூபா இழக்கிறார்.

இன்னும் ஒன்று சேரவேண்டும். கூலிக்கு ஆள் வைத்தவர் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தம் பங்காகச் செலுத்தக் கடமைப்பட்டவர். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம் சேமலாப நிதிக்குப் போகும். முன்னையது 1958 ஆம் ஆண்டின் சட்டம், பின்னையது 1980 ஆம் ஆண்டின் சட்டம். மேற்காட்டிய கணக்கில் தொழில் கொள்வோர் பங்கு 19,500 ரூபா. கண்ணாடிக்கு மூன்றரை ரூபாவுக்குச் சற்று மேல். அடக்கம் ஏறக்குறைய 33 ரூபா ஆகிறது. இலாபம் இதற்கு மேலேதான். தோட்டத் தொழிலாளர் தம் பெற்றோரின் சேமலாப நிதிக்காக எத்தனை அலுவலகப் படிகள் ஏறினர் என்பதை அறிந்த பிள்ளைகள், தாம் முதலாளியாகும்போது அதனைக் கட்டாமல் விடுவது அழகன்று. வேலையில் விழுந்து காயமுற்றவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது 1934 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் சட்டம். அதற்குக் காப்புறுதி எடுத்துவைத்தல் நன்று.

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தின் வழியே பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவுப் பத்திரம் இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கலாம்; கம்பனி நடத்தும் தோட்டங்களும் பெரிய விடுதிகளும் காசோலை மூலமே கொடுப்பன. அவர்களிடமிருந்து பணம் வர ஒரு மாதமும் இரண்டு மாதமும் ஆகலாம். அவ்விடைக்காலத்திற் கூலி கொடுப்பதற்கு, வாரந்தோறும் கையிற் காசு தரும் நகரக் கடைகளே ஆதாரம். நகைக்கடை, புடைவைக்கடை, மருந்துக்கடை என இருபது கடைகளைக் கிழமைக்கொருமுறை துடைக்கும் சுற்று ஒன்று அமைந்துவிட்டால் அடுப்பு அணையாது. 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2020 இல் தொற்றுநோய்க் காலத்திலும், 2022 இல் எரிபொருள் இல்லாதபோதும் விடுதிகள் வெறிச்சோடின. விடுதிகளை மட்டுமே நம்புவோர் இவற்றை மறத்தலாகாது.

பங்களாவுக்குச் சென்று வேலை கேட்பது எவ்வாறு? வெறுங்கையுடன் பின்வாசலில் நின்று காத்திருத்தல் வேண்டா. கண்ணாடிகளை எண்ணி, உள், வெளி, சட்டம், ஏணி வேலை எனப் பிரித்து, தொகையும் நாளும் குறித்த மதிப்பீட்டுத் தாளை முன்வாசலிற் கொடுக்கலாம். முதல் யன்னல் ஒன்றைக் காட்டாகத் துடைத்துக் காண்பிப்பது எந்தப் பேச்சிலும் வலியது. முடிந்ததும் பற்றுச்சீட்டு, அடுத்த முறை எப்போது என்பதையும் அச்சீட்டிலேயே எழுதிவிடவேண்டும்.

தோட்டங்களில் இன்னும் நிற்கும் பழைய லயங்களிற் பல அறைகளுக்கு யன்னலே கிடையாது. இருப்பினும் சிறியதொரு மரக்கதவே. பகலிலும் விளக்கெரியும் அவ்வறையிற் பிறந்தவர் நூற்றுக்கணக்கான கண்ணாடிகளின் கணக்கைத் தம் குறிப்புப் புத்தகத்தில் வைத்திருக்கும் நாட்கள் வந்துள்ளன. புதிதாகக் கட்டப்பெறும் தனிவீடுகளிற் கண்ணாடி யன்னல்கள் வைக்கின்றனர். அவற்றைத் துடைக்கும் முறை மேற்சொன்னதே, கூலி கேட்பாரில்லை.