மீனில்லாத மீன்பாம்பு

தீயுமிழ்ந்து பறப்பதாக ஐரோப்பியக் கதைகள் கூறும் சிறகுப் பாம்பிற்குப் பின்லாந்து மொழியில் ‘லோஹிகேர்மெ’ என்று பெயர். இஃது இரு சொற்கள் சேர்ந்த தொகைச்சொல். இன்றைய வழக்கில் ‘லோஹி’ என்பது சால்மன் மீன். ‘கேர்மெ’ என்பது பாம்பு. பிரித்துப் பொருள் காண்பார்க்கு ‘மீன்பாம்பு’ என்றே தோன்றும். வானில் பறப்பதற்கும் ஆற்றுமீனுக்கும் என்ன உறவு என்று ஒரு மாணவன் கேட்டால், இரண்டிற்கும் செதில் உண்டு என்று கூறி ஆசிரியர் தப்பித்துக் கொள்ளலாம். ஆயின், அவ்விடை பிழையாகும்.

பின்லாந்து 1809 வரை பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சியில் இருந்தது. ஆதலின், சுவீடியச் சொற்கள் பல அங்கே குடியேறின. பழஞ்சுவீடிய மொழியில் இவ்விலங்கின் பெயர் ‘ஃபுலோக்திராக்கி’. ‘பறக்கும் பாம்பு’ என்பது பொருள். ‘திராக்கி’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லும் பாம்பையே குறித்தது. எனவே, பின்லாந்து மக்கள் பிற்பாதியைத் தம் சொல்லால் ‘கேர்மெ’ என மொழிபெயர்த்தனர். முற்பாதியை மட்டும் ஒலியளவில் கடன் கொண்டனர். பாதி பெயர்ப்பு, பாதி கடன்!

முதலிலிருந்த ‘ஃப்’ என்னும் மெய் எங்கே போயிற்று? அம்மொழியின் பழைய சொற்களில் இரு மெய்கள் மொழிக்கு முதலில் இணைந்து வாரா. சுவீடிய ‘ஸ்கூலா’ (பள்ளி) ‘கோலு’ ஆயிற்று. ‘ஸ்தூல்’ (நாற்காலி) ‘துவோலி’ ஆயிற்று. ‘கிளாஸ்’ (கண்ணாடி) ‘லாசி’ ஆயிற்று. வடமொழி ‘ஸ்தலம்’ தமிழில் ‘தலம்’ ஆனதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. அவ்வாறே ‘ஃபுலோக்’ என்பதும் முதல் மெய்யை இழந்து, ஈற்றில் உயிர் பெற்று, ‘லோஹி’ ஆயிற்று. மீன்பெயரும் அதுவும் ஒலியால் ஒன்றுபட்டமையால், மக்கள் பின்னர் அங்கே மீனைக் கண்டனர்.

மீன்பெயரின் குலமோ முற்றிலும் வேறு. அது மிகப் பழங்காலத்தில் பால்டிக் மொழியினரிடமிருந்து வந்த சொல். லிதுவேனிய மொழியில் ‘லஷிஷா’ என்பது அதன் உறவு.

அண்டை மொழியாகிய எஸ்தோனியமும் பின்லாந்து மொழிக்கு உடன்பிறப்பே. அங்கே இவ்விரு சொற்களும் கலந்துவிடவில்லை. மீனின் பெயரில் இதழ் குவியாது ஒலிக்கும் தனியுயிர் ஒன்று வரும். விலங்கின் பெயரோ தெளிவான ஒகரத்துடன் ‘லொஹெ’ என்றே ஒலிக்கும். அந்நாட்டுச் சிறுவர் காற்றிலே பறக்கவிடும் காகிதப் பட்டத்திற்கும் அதுவே பெயர்.