ஸ்பிரிங்குக்கும் ஒரு எண்

ராணுவத் துப்பாக்கியின் ஒரு சின்ன ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கவும் பெயர் மட்டும் போதாது, எண் வேண்டும். நேட்டோ நாடுகள் வகுத்து, இந்தியாவும் சேர்ந்துகொண்ட முறையில் அந்த எண்ணுக்கு 13 இலக்கங்கள். முதல் நான்கு, பொருளின் வகை. 1005 என்றால் 30 மில்லிமீட்டர் வரையிலான துப்பாக்கி ரகம். அடுத்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 00, 01 இரண்டும் அமெரிக்கா, 72 நம் இந்தியா. மிச்சம் ஏழும் வெறும் வரிசை எண்தான். அதில் ரகசியம் தேட வேண்டாம்.

12 என்று கண்டதும் ஜெர்மனியில் செய்தது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அந்த நாடு பட்டியலில் பதிந்த பொருள், அவ்வளவுதான். செய்த நாடு வேறாகவும் இருக்கலாம்.