வாலைச் சுழற்றும் விமானம்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரில் ஒரு விமானத் தளம் உண்டு. இப்போது அங்கே மலேசியத் தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் நிற்கின்றன. 1941இல் அதே தளத்தில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து வந்த இளம் விமானிகள் போர்ப் பயிற்சி பெற்றார்கள். விமானம் ஓட்ட அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சண்டைக்குப் போகும் அளவுக்குக் கை தேற வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த விமானங்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தயாரான 'விர்ராவே'.

முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, 600 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வேகம். பயிற்சிக்கு இது தாராளம். வானத்தில் பெரும்பாலும் சமர்த்தாகத்தான் இருக்கும். தரையைத் தொட்ட பிறகுதான் அதன் குறும்பு தொடங்கும்!

விமானி நேராக இறங்குவார். சக்கரம் உருளும். திடீரென மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அவர் சுதாரிப்பதற்குள் வால் சர்ரென்று முன்னால் வந்துவிடும். ஓர் இறக்கை சாய்ந்து அதன் நுனி மண்ணைக் கீறும். சில வேளை சக்கரக் காலே மடங்கிப் போகும். விமானிகள் இதை 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். பெரும்பாலும் யாருக்கும் அடிபடாது, மானம்தான் போகும்.

ஏன் இப்படி? பேரங்காடியில் தள்ளுவண்டி உருட்டியிருப்பீர்கள். அதன் முன் சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பும். பின் சக்கரங்கள் திரும்பாது. சாமான் ஏற்றிய வண்டியை முன்னோக்கி உருட்டிவிட்டால் ஒழுங்காகப் போகும். அதையே பின்னோக்கி உருட்டிவிடுங்கள் (ஆளில்லாத இடத்தில், அம்மா பார்க்கும்போது வேண்டாம்). கொஞ்ச தூரம் போனதும் சுழன்று திரும்பிவிடும். இப்போது திரும்பாத சக்கரங்கள் முன்னே, பாரம் பின்னே. வண்டி சற்றே கோணினாலும், அந்தச் சக்கரங்கள் தரையை உரசி முன்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். பின்னால் இருக்கும் பாரமோ பழைய திசையிலேயே ஓடப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து கோணலை இன்னும் பெரிதாக்கும்.

விர்ராவேயும் அப்படித்தான். அதன் இரண்டு பெரிய சக்கரங்கள் இறக்கைக்குக் கீழே முன்புறம் இருக்கும். விமானத்தின் எடை மையம் அவற்றுக்குப் பின்னால். வாலடியில் குட்டிச் சக்கரம் ஒன்று. வேகமாக ஓடும்வரை வாலில் உள்ள சுக்கான் காற்றைத் தள்ளி நேராக்கும். வேகம் குறையக் குறையக் காற்றும் குறைந்து சுக்கான் வலுவிழக்கும். அதனால் விமானம் முழுசாக நிற்கும்வரை விமானியின் கால்கள் சுக்கான் மிதியிலேயே இருக்க வேண்டும். இதில் இன்னொரு தொல்லை: வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்பதால், நேர் எதிரே இருப்பதைப் பெரிய எஞ்சின் மறைத்துவிடும்.

பிறகு எதற்கு அப்படிச் செய்தார்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஓடுதளங்கள் பல, மேடுபள்ளமான புல்வெளிகள். மூக்கடியில் சக்கரம் வைத்தால் பள்ளத்தில் சிக்கி முறியலாம். மூக்கு நிமிர்ந்திருந்தால் காற்றாடியும் தரையில் இடிக்காது.

அந்தக் காலத்து ஆஸ்திரேலிய விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண்ணும் ஒரு பதிவு அட்டையும் இருந்தன. விர்ராவேக்களின் எண் A20 என்று தொடங்கும். எந்தப் படைப்பிரிவுக்குப் போனது, எப்போது அடிபட்டது, எப்போது பழுது பார்த்துத் திரும்பியது எல்லாம் அந்த அட்டையில் ஏறும். நம் பள்ளி வருகைப் பதிவேட்டைவிட அது எனக்குச் சுவாரசியமாகவே படுகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. விமானங்கள் போதவில்லை. குளுவாங்கில் பயிற்சிக்கு இருந்த ஐந்து விர்ராவேக்களையே சண்டைக்கு அனுப்பினார்கள். நியூசிலாந்து விமானிகள் ஓட்ட, ஆஸ்திரேலியர்கள் உடன் போக, அவை ஜப்பானியத் தரைப்படையைத் தாக்கின. ஓரளவு பலனும் கிடைத்தது.

1942 டிசம்பர் 26 அன்று நியூகினியில் நடந்தது இன்னும் வியப்பு. விர்ராவே ஓட்டிய ஜான் ஆர்ச்சர் என்ற விமானி, தனக்குச் சுமார் 300 மீட்டர் கீழே ஒரு ஜப்பானியச் சண்டை விமானத்தைக் கண்டார். நேராகத் துரத்தியிருந்தால் விர்ராவே அதை எட்டிப் பிடித்திருக்காது. ஆனால் உயரம் என்பது சேமித்து வைத்த வேகம். ஆர்ச்சர் தலைகுப்புறப் பாய்ந்து, சுட்டு வீழ்த்திவிட்டார்! அவர் ஓட்டிய விமானம், எண் A20-103, இப்போது கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.